ஆளில்லா நிலையமும் பேரில்லா மக்களும்

மயிலாப்பூரில் புராணங்களுக்குப் பஞ்சமில்லை. குளத்துக்கு ஒரு கதை, மரத்துக்கு ஒரு கதை, மயிலுக்கு ஒரு கதை! எலும்பு பெண்ணாகி எழுந்த கதையும் அங்கே உண்டு. உமையம்மை மயிலாகிப் பூசை செய்த கதையும் உண்டு. நான்கு மாடவீதிகளிலும் நடந்தால் நாற்பது கதை கேட்கலாம். அதே மயிலாப்பூரில், நாள்தோறும் உழைக்கும் மக்கள் ஏறி இறங்கும் சின்னஞ்சிறு ரயில் நிலையம் ஒன்று இருக்கிறது. அதற்குப் புராணம் இல்லை. அதைப் பாடிய அடியாரும் இல்லை. புராணம் இல்லாத காரணத்தால் அதற்கு வரலாறும் இல்லையென்று முடிவு கட்டிவிட்டனர் போலும்!

நாம் அந்த முடிவை ஏற்பதற்கில்லை. அந்தச் சிறு நிலையத்தின் அடியில் தோண்டினால் அகப்படும் வரலாறு, மாடவீதிக் கதைகள் அனைத்தையும்விட உண்மையானது, உள்ளத்தை உலுக்கக்கூடியது. அதை இளைஞருலகம் அறிந்தாகவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

முண்டகக்கண்ணியம்மன் கோயில் என்பது அந்நிலையத்தின் பெயர். சென்னைக் கடற்கரையிலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயில் பாதையில், கலங்கரை விளக்கம் நிலையத்துக்கும் திருமயிலை நிலையத்துக்கும் இடையே அது நிற்கிறது. நிற்கிறது என்றால் நிலத்திலன்று, நீரின்மேல்! பக்கிங்காம் கால்வாயினுள் தூண்கள் நட்டு, தூண்களின்மேல் பாதை போட்டு, பாதையின் இருபுறமும் நடைமேடை அமைத்திருக்கிறார்கள். காலையும் மாலையும் அலுவலகம் செல்வோரும் கல்லூரி மாணவரும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்டிரும் அங்கே வந்து போவர். நண்பகலில் சென்று பார்த்தால் நீண்ட மேடையில் நிழல்தான் படுத்திருக்கும். கொடி அசைப்பவர் இல்லை; மணி அடிப்பவர் இல்லை; கூவி விற்பவர் இல்லை. வண்டி தானே வருகிறது, நிற்கிறது, போகிறது.

இஃதென்ன மாயம்? மாயமுமில்லை, மந்திரமுமில்லை! தடம் பிரியுமிடமும் வண்டியைத் திருப்பும் வசதியும் உள்ள நிலையங்களுக்குத்தான் நிலைய அதிபர் இன்றியமையாதவர். வந்தவழியே வந்து சென்றவழியே செல்லும் சிறு நிறுத்தங்களுக்கு அவர் தேவைப்படுவதில்லை. புறநகர்ப் பாதைகளில் தண்டவாளத்தினூடே மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். வண்டியின் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்தவுடன் அம்மின்னோட்டம் குறுக்கே பாய்ந்து திரும்பிவிடும். பின்னால் உள்ள விளக்கு சிவந்துவிடும். வண்டி விலகியதும் சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் பச்சையாகும். பயணச் சீட்டும் இன்று எந்திரத்தில் கிடைக்கிறது, கைபேசியிலும் கிடைக்கிறது. ஆள் குறைந்ததன் காரணம் அறிவியல், ஆண்டவன் அருளன்று.

அறிவியலின் இந்தப் பேற்றை நாம் வரவேற்கிறோம். எனினும், ஆளில்லாத மேடையைக் காணும்போது ஒரு கேள்வி எழுகிறது. இன்று இங்கே ஆளில்லை, சரி, என்றுமே ஆளில்லையா? இந்தத் தூண்கள் ஊன்றியிருக்கும் கால்வாய் தானே தோன்றியதா? வெட்டியவர் யார்? அவர்தம் பேர் எங்கே?

அதற்கு விடை காண, முதலில் பாதையின் பிறப்பைச் சொல்லவேண்டும். நகரம் பெருகியது, சாலைகள் நெரிந்தன. தரையில் இடமில்லை என்ற நிலையில், தூண்களின்மேல் ரயிலோட்டும் திட்டம் தீட்டப்பட்டது. 1995 நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம்வரை வண்டி ஓடியது. 1997 அக்டோபரில் திருமயிலையை எட்டியது. அத்துடன் நின்று, பல ஆண்டுகள் கழித்து, 2004-இல் திருவான்மியூரையும் 2007-இல் வேளச்சேரியையும் தொட்டது. இன்று கடற்கரை முதல் வேளச்சேரிவரை ஏறத்தாழ 19 கிலோமீட்டர். இரண்டாம் கட்டச் செலவில் மூன்றில் இரு பங்கைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. ரயில் மத்திய அரசினுடையது என்று சொல்லிக்கொண்டாலும், அதைத் தூக்கி நிறுத்தியதில் தமிழனின் வரிப்பணம் உண்டு என்பதை மறக்கலாகாது.

முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையமோ தாமதமாய்ப் பிறந்த குழந்தை. 1997 முதல் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாக வண்டிகள் அவ்விடத்தைக் கடந்து சென்றன, நிற்கவில்லை. தலைக்குமேல் ரயில் ஓடும் ஓசையைக் கேட்டவாறே, அப்பகுதி மக்கள் கலங்கரை விளக்கத்துக்கோ திருமயிலைக்கோ நடந்தனர். 2014 ஏப்ரல் 14 அன்றுதான் அங்கு வண்டி நின்றது. அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள் அது! நாளைத் தேர்ந்தவர்கள் அதை நினைத்தனரோ இல்லையோ, நாம் நினைக்கிறோம். ஏனெனில், அந்த நிலையத்தின் வரலாறு அண்ணல் யாருக்காகப் பேசினாரோ அவர்களின் வரலாறு.

இந்தப் பாதை ஏன் கால்வாய்மேல் சென்றது? மாளிகைகளின்மேல் செல்ல முடியாது, மாளிகைக்காரர் விடமாட்டார். கோயில் நிலத்தின்மேல் செல்ல முடியாது, பக்தர் பதறுவர். கால்வாயோ சர்க்கார் சொத்து. கரையிலிருந்தவர் குடிசைவாசிகள், அவர்கள் குரல் கோட்டையை எட்டாது. எதிர்ப்பவர் எளியோராய் இருக்குமிடத்தில் திட்டங்கள் எளிதாய் நடக்கும். ஆகவே, நிலையத்தின் வரலாறு கால்வாயின் வரலாற்றில் தொடங்குகிறது.

சென்னையிலிருந்து எண்ணூர்வரை 1806-இல் ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. பேசில் கொக்ரேன் என்னும் வெள்ளை வணிகரின் பணத்தில் உருவானதால் கொக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் பழவேற்காடுவரை நீண்டது. 1837-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. வடக்கே ஆந்திரக் கரையோரமாகவும் தெற்கே மரக்காணம்வரையிலும் கால்வாய் வளர்ந்தது. ஆனால் நடுவில் ஒரு துண்டு விடுபட்டிருந்தது. சென்னை நகரத்துக்குள், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர்! திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் அந்த எட்டுக் கிலோமீட்டரில் அடக்கம். நம்முடைய சிறு நிலையம் நிற்பதும் அந்தத் துண்டின்மேல்தான்.

அந்தத் துண்டு வெட்டப்பட்ட காலம் 1877 - 78. அது தாது வருடப் பஞ்சம் என்று தமிழகம் இன்றும் நடுங்கிச் சொல்லும் காலம்!

1876-இல் மழை பொய்த்தது. மறு ஆண்டும் பொய்த்தது. தென்னாடெங்கும் ஏரிகள் வறண்டன, மாடுகள் மடிந்தன. பல மாவட்டத்தார் பிழைப்புத் தேடிச் சாலைகளில் நடந்தனர், சாலையிலேயே செத்தனர். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் மாண்டோர் 55 லட்சம் என்பது குறைந்த கணக்கு. அதனினும் அதிகம் என்போரும் உண்டு. வில்லபி ஹூப்பர் என்னும் வெள்ளை ராணுவ அதிகாரி அன்று எடுத்த புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. தோலும் எலும்புமாக, விழிகள் மட்டும் பெரிதாக, வரிசையாக உட்கார்த்தி வைக்கப்பட்ட மனிதர்கள்! அவற்றைக் கண்டவர் அன்றிரவு சோறுண்ண மாட்டார்.

இந்தக் கொடுமைக்குக் காரணம் கேட்டால் நம் பஞ்சாங்கத்தார் என்ன சொல்வர்? தாது வருடத்தின் பலன் என்பர். முற்பிறவிப் பாவம் என்பர். விதி என்பர்! இன்றைய அறிவியல் வேறு விடை சொல்கிறது. பசிபிக் மாகடலின் நீர் அளவுக்குமீறிச் சூடேறும்போது உலகின் காற்றோட்டம் தடம் மாறுகிறது. நம் பருவமழை பொய்க்கிறது. எல் நினோ என்று அதற்குப் பெயர். 1877 - 78-இல் அது மிகக் கடுமையாக இருந்தது. அதே ஆண்டுகளில் சீனத்திலும் பிரேசிலிலும் மக்கள் பஞ்சத்தால் மடிந்தனர். முற்பிறவிப் பாவத்தைச் சீனனும் பிரேசிலனும் தமிழனும் கூடிப் பேசிச் செய்தார்களா என்ன?

மழை பொய்த்தது இயற்கையால். மக்கள் மாண்டது இயற்கையால் மட்டுமா? அன்று ரயில் இருந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-லேயே இராயபுரத்திலிருந்து புறப்பட்டுவிட்டது. தந்தி இருந்தது, கப்பல் இருந்தது. இந்தியாவின் தானியம் அந்தப் பஞ்சத்திலும் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. விலை ஏறிய இடத்துக்குத் தானியத்தை ரயில் கொண்டு சென்றது. வயிறு காய்ந்த இடத்துக்கல்ல! வாணிபத்தில் அரசு தலையிடலாகாது என்று வைசிராய் லிட்டன் வேதம் ஓதினார். 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசி என்று டில்லியில் தர்பார் கூட்டி முரசறைந்தார். அங்கே விருந்து, இங்கே வாய்க்கரிசி!

பஞ்சத்தில் அடிபட்டவனுக்கு இலவசமாகச் சோறு போட்டால் சோம்பேறியாகிவிடுவான் என்பது ஆட்சியாளரின் கவலை. ஆகவே வேலை கொடுத்தனர். கல்லுடைக்க, சாலை போட, கால்வாய் வெட்ட. லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவர் 1877-இன் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்து கூலியைக் குறைத்தார். வயதுவந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதனினும் குறைவு. ஒரு பவுண்டு என்பது இன்றைய அளவில் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டுபவனுக்கு இது போதுமா என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். அவரும் வெள்ளையரே. வெள்ளையரிலும் மனிதர் இருந்தனர் என்பதை மறைப்பது நம் வழக்கமல்ல. ஆளுநர் பக்கிங்காம் பிரபுவும் தானியம் வாங்கிச் சேமிக்க முயன்று லிட்டனின் கண்டனத்துக்கு ஆளானவர்தான். பின்னர்க் கூலியை உயர்த்தியவரும் அவரே.

அந்த டெம்பிள் கூலியின் உணவு மதிப்பை மைக் டேவிஸ் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் கணக்கிட்டார். நாளொன்றுக்கு 1,627 கலோரி. ஹிட்லரின் புக்கன்வால்ட் சிறைமுகாமில் தரப்பட்டதாக அவர் ஒப்பிட்டுக் காட்டும் அளவு 1,750! கொடுங்கோலன் என்று உலகமே காறித் துப்பும் ஒருவனின் முகாமில் கிடைத்ததைவிடக் குறைவான உணவை உண்டு, உச்சி வெயிலில் மண் வெட்டச் சொன்னார்கள் தமிழ் உழவனை.

கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட கால்வாயும் அப்படிப்பட்ட பஞ்ச நிவாரணப் பணிதான். 30 லட்சம் ரூபாய் செலவு என்றும், 60 லட்சம் ஆள்நாள் உழைப்பு என்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலை ஓர் ஆள்நாள். அறுபது லட்சம் என்றால் என்ன? இருபதாயிரம் பேர் முந்நூறு நாள் இடைவிடாது மண் வெட்டிச் சுமந்ததற்குச் சமம். இருபதாயிரம் பசித்த வயிறுகள்! இருபதாயிரம் வறண்ட நாவுகள்! அவர்கள் யார்? நிலமுள்ளவன் கடன் வாங்கியேனும் சில நாள் தாங்கினான். நிலமற்றவன் முதல் மாதமே தெருவுக்கு வந்தான். நிலமற்றவன் யார் என்று நம் நாட்டில் கேட்கவேண்டுமா? சாதி ஏணியின் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டவனே நிலமற்றவன். செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமற்ற நிலையை 1891-இல் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892-இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சம் முடிந்து பதினான்கு ஆண்டு கழித்தல்லவா அந்த அறிவு வந்தது!

வேலை முடிந்தது. கால்வாய் இணைந்தது. 1878-இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள். யாருடைய பெயர்? மண் சுமந்த முனியன் பெயரா? மண் சுமக்கையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் பெயரா? இல்லை, ஆளுநர் பெயர்! பக்கிங்காம் கால்வாய்! பிரபு நல்லவராகவே இருக்கட்டும். ஒரு கூடை மண்ணேனும் அவர் சுமந்ததுண்டா?

பெயர் என்பது சிறு செய்தியன்று. அதை நம் இயக்கம் நன்கறியும். 1952 ஆகஸ்டு முதல் நாள், ரயில் நிலையப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழித்த போராட்டத்தை யார் மறப்பர்? 1953 ஜூலையில், டால்மியாபுரம் என்ற பெயரை நீக்கிக் கல்லக்குடி என்ற பெயரை நிலைநாட்டத் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த கலைஞரையும் தோழர்களையும் யார் மறப்பர்? நிலையத்தின் பலகையில் எவர் பெயர் இருக்கிறதோ, அவருடையதாகிவிடுகிறது ஊர். அந்த ஊரை உண்டாக்கியவர்களோ பலகைக்குப் பின்னே மறைந்துபோகிறார்கள்.

இங்கே நிலையத்தின் பெயரையும் சற்றுப் பார்ப்போம். முண்டகம் என்றால் தாமரை. தாமரைக் கண்ணாள் என்று பொருள் கூறுவர். தமிழில் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. நெய்தல் நிலத்து உப்பங்கழியில் முளைக்கும் கழிமுள்ளியையும் சங்கப் புலவர் முண்டகம் என்றே அழைத்தனர். கடலோர மயிலாப்பூருக்குப் பொருத்தமான சொல்! அக்கோயிலில் அம்மன் வீற்றிருக்கும் கருவறைக்குக் கல் கூரை இல்லை. இன்றும் ஓலைக் கூரைதான். வானளாவும் கோபுரத்துக்குச் சிறிது தொலைவில், ஓலையின்கீழ் இருக்கும் ஏழையின் தெய்வம் அது.

அம்மை போட்டால் அந்த அம்மனிடம் ஓடினார்கள் மக்கள். நாம் அவர்களை ஏளனம் செய்யவில்லை. மருத்துவர் வராத தெருவில், மருந்து கிடைக்காத குடிசையில், பிள்ளை கொப்புளத்தோடு துடிக்கும்போது தாய் வேறெங்கே ஓடுவாள்? ஆனால் பெரியம்மையை ஒழித்தது எது? 1796-இல் ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் கண்ட பசு அம்மைப் பால்! நூற்றாண்டுக்கு மேல் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று ஊசி குத்திய எளிய ஊழியர்களின் உழைப்பு! 1975-இல் இந்தியாவில் கடைசி நோயாளி. 1980-இல் உலகிலேயே பெரியம்மை இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வேப்பிலையும் கூழும் ஆயிரமாண்டு செய்ய முடியாததை அறிவு செய்தது. அந்த ஊசி போட்டவர்களின் பெயரிலும் ஒரு நிலையம் கிடையாது!

இனி ஓலையின் கதை. அம்மன் தலைமேல் ஓலை இருந்தால் அதற்குப் பெயர் ஐதிகம். அதே ஓலை கால்வாய்க் கரையில் ஏழையின் தலைமேல் இருந்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு! முன்னதைக் காப்பது புண்ணியம். பின்னதைப் பிய்ப்பது நகர அழகு! இந்த வேற்றுமையை விளக்க எந்த ஆகமம் இருக்கிறது?

கால்வாயில் ஒரு காலத்தில் படகுகள் ஓடின. ஆந்திரத்திலிருந்து அரிசியும் விறகும் உப்பும் வந்தன. மயிலாப்பூரில் தண்ணீர்த்துறை என்று இன்றும் ஓர் அங்காடிக்குப் பெயர் வழங்குகிறது. நீர்வழியின் நினைவு அந்தச் சொல்லில் மிஞ்சியிருக்கிறது. சாலையும் லாரியும் பெருகப் படகு குறைந்தது. 1960-களின் நடுவிலும் 1976-இலும் அடித்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. நகரத்தின் சாக்கடையை அதில் திருப்பிவிட்டார்கள். நாறும் நீரின் கரையில் யார் குடியிருப்பார்? வேறிடத்தில் இடமில்லாதவர்தாம். பஞ்சத்தில் கால்வாய் வெட்டிய மக்களின் வழிவந்தோர் போன்றவரே, அதன் கரையில் குடிசை போட்டனர். கொத்தனாராய், சுமைகூலியாய், சமையற்காரியாய் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் உழைத்தனர்.

பிறகு ரயில் வந்தது. தூண்களுக்காகக் கரைகள் காலி செய்யப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் நீர்நிலைகளைக் காப்பது என்ற பெயரில் மேலும் பல குடும்பங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டன. கால்வாயின் நடுவே நிற்கும் ரயில் தூண்களும் நீரோட்டத்தை நெருக்குகின்றன என்று வல்லுநர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். தூண் நிற்கிறது, குடிசை போய்விட்டது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்கோடிக்கு மக்கள் அனுப்பப்பட்டனர். அங்கிருந்து மயிலாப்பூர் வீடுகளுக்குப் பாத்திரம் துலக்க வரவேண்டிய பெண்ணுக்குப் பொழுது விடியுமுன் பேருந்து. பொழுது சாய்ந்தபின் வீடு. ரயில் வேண்டியவரை ரயிலிலிருந்து தொலைவில் குடிவைத்துவிட்டு, ரயிலில் கூட்டமில்லை, நிலையங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன என்று கைபிசைவது எத்தகைய விந்தை!

தி.மு.க. ஆட்சியில் 1970-இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தபோது அதன் நோக்கம் என்ன? குடிசை இருந்த இடத்திலேயே, இயன்ற மட்டும், மாடி வீடு எழுப்புவது. மெரினாக் கடற்கரையோரத்திலும் மந்தைவெளிப் பக்கத்திலும் அன்று எழுந்த அடுக்கு வீடுகள் அந்த நோக்கின் சான்றுகள். ஏழையை நகரின் நடுவிலேயே நிமிர்ந்து வாழச் செய்வது ஒரு கொள்கை. ஏழையை நகரின் ஓரத்துக்குத் தள்ளுவது வேறொன்று. பின்வந்த ஆண்டுகளில், எந்தக் கட்சி ஆண்டபோதும், முதல் கொள்கை தளர்ந்து இரண்டாவது வலுத்தது என்பதைச் சொல்ல நாம் தயங்கமாட்டோம். நம்மவர் செய்தாலும் தவறு தவறே என்று சொல்லக் கற்றுக்கொடுத்ததுதான் சுயமரியாதை.

ரயில் சாதியைக் கரைத்துவிடும் என்று 1853-லேயே எதிர்பார்த்தார் காரல் மார்க்ஸ். ரயிலால் வரும் தொழில், பரம்பரைத் தொழிற்பிரிவினையைத் தகர்க்கும் என்பது அவர் கருத்து. ஓரளவு உண்மை! சீட்டு வாங்கியவனுக்கு இடமுண்டு. கோத்திரம் கேட்பதில்லை வண்டி. அக்கிரகாரத்துக்குள் நுழைய முடியாதவன் அக்கிரகாரத்தாருடன் ஒரே பலகையில் அமர்ந்தான். ஆயினும் இரும்பு தானாகச் சாதியைக் கரைக்கவில்லை. வண்டியில் ஒன்றாக வந்தவர்கள் நிலையத்தில் இறங்கியதும், உணவு விடுதியில் பிராமணருக்கு ஓரிடம், இதராளுக்கு வேறிடம்! ரயில்வேயின் பணத்தில், பொதுமக்களின் வரியில், வருணாசிரமத்துக்கு இலைபோட்டார்கள். பெரியார் கிளர்ந்தார், இயக்கம் குரலெழுப்பியது, 1941-இல் அந்தப் பிரிவினை ஒழிந்தது. எந்திரம் வாய்ப்பைத் தரும். அந்த வாய்ப்பை உரிமையாக்க மனிதன் போராடவேண்டும். இதுதான் அந்த நிகழ்ச்சி நமக்குத் தரும் பாடம்.

ஆளில்லாச் சிறு நிலையத்துக்கும் அந்தப் பாடம் பொருந்தும். எந்திரம் விளக்கை மாற்றும். ஆனால் இரவு ஒன்பது மணிக்குத் தனியே இறங்கும் பெண்ணுக்குத் துணை நிற்காது. எந்திரம் சீட்டு அச்சிடும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்கு வழி சொல்லாது. படியேற முடியாத ஊனமுற்றோரைக் கைபிடித்து ஏற்றாது. ஆட்குறைப்பில் மிஞ்சும் பணம் யாருக்கு? குறைந்த ஆட்களால் துன்புறுபவர் யார்? இந்த இரண்டு கேள்விகளையும் கேளாத முன்னேற்றம் பாதி முன்னேற்றமே.

வரலாற்றை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். கால்வாய் வெட்டியவர் யார் என்றால் பக்கிங்காம் பிரபு என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்! குளம் வெட்டியவர் மன்னர். கோயில் கட்டியவர் மன்னர். ரயில் விட்டவர் வைசிராய். மண்வெட்டி பிடித்தவனுக்கு அந்த ஏடுகளில் இடமில்லை. அவனுக்கு இடம் தராத வரலாறு, புராணத்துக்குத் தங்கை. இரண்டும் உழைத்தவனை மறைத்து உயர்ந்தவனைப் பாடுகின்றன.

ஆகவே தோழர்களே, மூன்று கோரிக்கைகளை நாம் முன்வைக்கிறோம். மயிலாப்பூரிலுள்ள அந்தச் சிறு நிலையத்தின் நுழைவாயிலில் தமிழில் ஒரு கல்வெட்டு வேண்டும்: இந்தக் கால்வாய், தாது வருடப் பஞ்சத்தில், 1877 - 78-இல், அரைவயிற்றுக் கூலிக்கு உழைத்த பெயரறியா மக்களால் வெட்டப்பட்டது என்று. ஆளுநர் பெயர் இருக்கட்டும், அம்மன் பெயர் இருக்கட்டும். அவற்றின் அருகே அம்மக்களின் செய்தியும் இருக்கட்டும். இரண்டாவது, வண்டி ஓடும் நேரமெல்லாம் ஒவ்வொரு சிறு நிலையத்திலும் வெளிச்சமும் காவலும், கேட்டால் பதில் சொல்ல ஓர் ஊழியரும் வேண்டும். மூன்றாவது, நகரத்துக்காக உழைப்பவரை நகரத்துக்குள்ளேயே, ரயிலும் பள்ளியும் மருத்துவமனையும் நடந்துசெல்லும் தொலைவில், குடியமர்த்தவேண்டும்.

இவை பெரிய செலவல்ல. கல்வெட்டுக்கு ஒரு கல் போதும். ஊழியருக்குச் சில ஆயிரம் இளைஞர்கள் வேலையின்றிக் காத்திருக்கிறார்கள். குடியிருப்புக்கு வேண்டியது நிலத்தைவிட நெஞ்சுரம்.

அடுத்தமுறை பறக்கும் ரயிலில் செல்லும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலங்கரை விளக்கம் தாண்டியதும் சாளரத்தின் வழியே கீழே பாருங்கள். கருத்த நீர் தெரியும், முகம் சுளிக்காதீர்கள். அறுபது லட்சம் நாள் உழைப்பு அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் அதைச் சொல்லுங்கள். அவர் தம் வீட்டில் சொல்லட்டும். கோபுரத்தின் கதையைப் பாட்டிமார் சொல்லிச் சொல்லியே நிலைநிறுத்தினார்கள். மண் சுமந்தவர் கதையை நாம் சொல்லிச் சொல்லி நிலைநிறுத்துவோம்!